கோல்ப் கம்புக்கு நல்ல தண்ணீர்

எங்கள் வீட்டில் மனுசருக்கு உப்புத் தண்ணீர், கம்புக்கு நல்ல தண்ணீர். சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்! திருச்சுழியில் வாழ்க்கைப்பட்டவளைக் கேட்டுப் பாருங்கள், ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு என்ன பாடு என்று சொல்வாள். விடிகாலையில் குழாயடியில் போய் நின்று, நாலு பேரிடம் வாய் கொடுத்து, இடுப்பு ஒடியச் சுமந்து வருவேன். அதில் பாதியை வெதுவெதுப்பாகச் சுடவைத்து, சோப்பைக் கரைத்து, கோல்ப் விளையாடுகிற கம்புகளைக் குளிப்பாட்டுவோம். வெள்ளிக்கிழமை தவறாமல் இது நடக்கும். அதை எடுத்து விளையாட வீட்டில் ஆள் கிடையாது.

என் கணவருக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை. அவருடைய அண்ணனை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். மச்சான் வளைகுடா நாட்டில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். எண்பதுகளின் கடைசியில், எங்கள் கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்தார். டேப் ரெக்கார்டர் வரும், பாலியஸ்டர் சேலை வரும் என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஆசையை வளர்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். டாக்ஸியிலிருந்து இறங்கியதோ என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு நீளமான பை. உள்ளே பளபளவென்று கம்புகள். அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனாராம்.

அத்தை, அதாவது என் மாமியார், பையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தக் கம்பையா ஏரோப்ளேன்ல தூக்கிட்டு வந்தே? நம்ம ஊர்ல கம்புக்கா பஞ்சம்?"

மச்சான் சிரித்தார். அங்கே புல்லே கிடையாதாம். மணலில் எண்ணெயை ஊற்றி இறுக்கி, அதன்மேல்தான் பந்து அடிப்பார்களாம். "நம்ம குண்டாறு மாதிரிதாம்மா" என்றார். சொன்னதோடு விடவில்லை. லீவு முழுக்க, வெயில் தாழ்ந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வறண்டு கிடந்த ஆற்றுக்குள் இறங்கிவிடுவார். ஆடு மேய்க்கிறவர்கள் ஆட்டை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவர், அதாவது என் கணவர், ஒருநாள் கூடப் போய்விட்டு வந்து, "அண்ணன் அடிக்கிற பந்தைத் தேடுறதுக்கே சம்பளத்துக்கு ஆள் வைக்கணும்" என்று அலுத்துக்கொண்டார்.

மச்சானின் மனைவியை நான் அக்கா என்பேன். பிறந்த ஊர் பரளச்சி. பேச்சு குறைவு. என் வாயில் பாதியை அவளுக்குக் கொடுத்திருந்தால் இரண்டு பேருமே நன்றாக இருந்திருப்போம் என்று அத்தை அடிக்கடி சொல்வார். கம்புகளைத் துடைக்கிற பக்குவத்தை மச்சான் அவளிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் காதிலும் விழுந்தது. இரும்புத் தலையில் கோடு கோடாக இருக்கும், அதில் சிக்கிய மண்ணைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். நம் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, உப்பு அரித்துவிடும், நல்ல தண்ணீர்தான் வேண்டும். ஈரம் போகத் துடைத்து, பஞ்சில் தையல் மெஷின் எண்ணெயைத் தொட்டு மேலாகப் பூச வேண்டும். மரத்தலை வைத்த பெரிய கம்புகளைத் தண்ணீரில் முக்கவே கூடாது. ரப்பர் கைப்பிடியைச் சோப்புத் துணியால் துடைக்கலாம், எண்ணெய் படக் கூடாது.

"துரு ஏற விட்ராத. அடுத்த லீவுக்கு வந்து எடுத்துக்கிறேன்" என்றார்.

அடுத்த வருசம் அங்கே சண்டை மூண்டது. நம் ஊர்க்காரர்கள் பாலைவனத்தில் பஸ் ஏறி, கூடாரத்தில் கிடந்து, போட்ட துணியோடு திரும்பி வந்தார்கள். அருப்புக்கோட்டைக்காரர் ஒருவர் வந்தார். நரிக்குடிப் பக்கம் ஒருவர் வந்தார். மச்சான் வரவில்லை. இவர் சென்னைக்கும் போனார், வந்தவர்களைத் தேடித் தேடி விசாரித்தார். கடைசியாகப் பார்த்தேன் என்று சொல்லக்கூட ஓர் ஆள் கிடைக்கவில்லை. செத்தார் என்றும் சேதி இல்லை, இருக்கிறார் என்றும் சேதி இல்லை.

அத்தை நரிக்குடிப் பக்கமிருந்து ஒரு கோடாங்கியை வரவழைத்துக் குறி கேட்டார். அந்த ஆள் முற்றத்தில் உட்கார்ந்து உடுக்கையை அடித்துக்கொண்டே இருந்தார். திடீரென்று நிறுத்திவிட்டு, உள் அறையில் ஜன்னலோரம் நின்ற பையைக் கைகாட்டிச் சொன்னார்:

"அவன் தொட்ட இரும்பு வெளுத்திருக்கிற வரைக்கும் அவன் உசுருக்குப் பங்கமில்ல தாயி. இரும்பு செவந்துச்சுன்னா அன்னைக்குத் தலை முழுகிருங்க."

 முற்றத்தில் இருந்து பார்த்தால் அந்தப் பை கண்ணுக்கே தெரியாது. அந்த ஆள் அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்ததும் இல்லை. யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இவர் அடித்துச் சொன்னார். இருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து அது பையாக இல்லாமல் போய்விட்டது, வீட்டில் ஓர் ஆளாக நின்றது.

தினமும் காலையில் அத்தை அந்தப் பைக்கு முன்னால் காபியை வைப்பார். அக்கா தலைநிறையப் பூவும், நெற்றி நிறையக் குங்குமமுமாக இருக்க வேண்டும். அழுதால் ஆகாது. ஒருநாள் அவள் அடுப்படியில் மூக்கை உறிஞ்சியதற்கே அத்தை பாய்ந்து வந்துவிட்டார்.

"உசுரோட இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைக்கிறியாக்கும்?"

அக்கா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் அழுது நான் பார்த்ததில்லை. வருசக்கணக்கில் ஒருத்தி அழாமல் இருப்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது பெரிய கொடுமை. உடம்புக்கு வந்து கிடந்தாலும் தேவலை, கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை அவள் தேய்ப்பாள், நான் துடைத்து எண்ணெய் போடுவேன். பாதித் தண்ணீர் போகிறதே என்று வாய்க்குள் முனகிக்கொண்டேதான் செய்வேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வெதுவெதுப்பான சோப்புத் துணி அந்த ரப்பர் கைப்பிடிமேல் பட்டதும் ஒரு வாசம் கிளம்பும். வியர்வையும், மச்சான் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயும் கலந்த வாசம். ஆளே பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். மச்சான் முன்னால் இழுத்துப் போர்த்திக்கொள்கிற பழக்கம் எனக்கு. என் கை தானாகப் போய்ச் சேலைத் தலைப்பை எடுத்துத் தோளை மூடும். பட்டப்பகலில், வீட்டில் ஆம்பிளையே இல்லாத நேரத்தில்! அக்கா அதைப் பார்த்துக்கொண்டே தேய்ப்பாள்.

ஆடிக் காற்றுக்கு அந்தக் கம்புகள் சத்தம் வேறு போடும். கைப்பிடி முனையில் சின்னதாக ஓட்டை உண்டு, உள்ளே வெறும் குழாய். ஜன்னல் வழியாகக் காற்று அடித்தால் ம்ம்ம் என்று இழுக்கும். எதிரே ஒருவர் பேச, ஓர் ஆள் உம் கொட்டிக் கேட்கிற மாதிரியே இருக்கும். ஜன்னலைச் சாத்தலாம் என்று போனால் அத்தை விட மாட்டார். "சாத்தாத. அவன் என்னமோ சொல்றான்" என்பார். பந்து அடிக்கும்போது இடது கையில் மாட்டுகிற வெள்ளைத் தோல் உறை ஒன்றும் பையின் மேல் கிடந்தது. விறைத்துப் போய், ஐந்து விரலும் எதையோ பிடித்த வாக்கில் மடங்கியிருக்கும். அதைத் தொடுகிற வேலையை மட்டும் நான் அக்காவுக்கே விட்டுவிட்டேன். பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

துடைத்து முடித்ததும் அத்தை வந்து ஒவ்வொரு கம்பாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அடியில் ஏழு என்று நம்பர் போட்ட கம்புதான் மச்சான் அதிகம் எடுத்தது. அதன் தட்டையான முகத்தில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, கார்த்திகை மாசமோ என்னவோ, பார்த்துக்கொண்டிருந்தவர் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். தலைப்பில் செங்காவி நிறம் ஒட்டியிருந்தது.

"ஈரத்தோட வச்சிட்டியா?" என்று என்னைக் கேட்டார்.

"உலர்ந்த துணியிலதான் தொடச்சேன் அத்தே. எண்ணெயும் போட்டேன்."

"ஒனக்கென்ன. ஓம் புருசன் கண்ணு முன்னால இருக்கான்."

எனக்குச் சுருக்கென்றது. வாய் சும்மா இருக்குமா? "நல்லாருக்கே! ஒங்க மகன் உசுரை எங்கிட்டத் துணியில சுத்தியா குடுத்து வச்சீக?" என்று கேட்டுவிட்டேன். அத்தை கம்பை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். சண்டைக்கு வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்தடுத்த வாரங்களில் செம்புள்ளி காசளவு ஆனது, பக்கத்துக் கம்புகளுக்கும் வந்தது. நான் எண்ணெயைக் கொட்டாத குறையாகப் பூசியும் நிற்கவில்லை. அத்தைக்குச் சோறு இறங்கவில்லை.  கடைசியில், இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். உச்சிப்பொழுதில் அத்தை கொஞ்சம் கண் அயர்வார், இவர் கடையில் இருப்பார். அந்த நேரத்தில் மெதுவாக உள் அறைக்குப் போனேன். பைக்குள் ஏழாம் நம்பரைக் காணோம்.

கொல்லைக் கதவு ஒருக்களித்திருந்தது. வெளியே வெயில் கண்ணைப் பறித்தது. ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கமிருந்து சரக், சரக் என்று தேய்க்கிற சத்தம் மட்டும் வந்தது. எட்டிப் பார்த்தபோது எனக்கு முதலில் தெரிந்தது கைதான். வெள்ளை உறை மாட்டிய இடது கை, கம்பைப் பிடித்திருந்தது.

கத்தியிருப்பேன்.  அதற்குள் வளையல் கண்ணில் பட்டது. அக்கா. மச்சானின் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, புளியும் உப்பும் செங்கல் பொடியும் வைத்து, குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி அந்த இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு கம்பு, புளிக் கரைசலில் நனைத்த துணி சுற்றிக் கிடந்தது.

"அக்கா, என்ன செய்யிற?"

"சத்தம் போடாத. அத்தை முழிச்சுக்கிருவாக" என்றாள். திடுக்கிடவே இல்லை. "புளி காந்துது, அதான் உறையப் போட்டேன்."

"ஐயோ, புளி பட்டா இரும்பு செவந்துருமே! மச்சான் உசுருக்கா உலை வைக்கிற? கோடாங்கி சொன்னதை மறந்துட்டியா?"

"மறக்கல. அதுக்குத்தான் தேய்க்கிறேன்."

 அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் தேய்ப்பதை நிறுத்தாமல் பேசினாள். எங்கள் வீட்டில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"போன ஆடியில ஒரு வெள்ளிக்கெழம கைப்பிடியத் தொடச்சேன். அவுக வாசம் இல்ல. வெறும் ரப்பரு. அதுக்கு முந்துன வெள்ளி இருந்துச்சு. கொஞ்சங் கொஞ்சமாப் போனா சரி, நாளாயிருச்சுன்னு நெனைக்கலாம். இது வெளக்கை அமத்துன மாதிரிப் போயிருச்சு. நீயும்தான் இப்பல்லாம் தோளை மூடுறதில்ல, யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். உண்மைதான். எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. 

"அவுக இல்ல புள்ள. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்தக் கம்புக்குத்தான் தெரியல, பளபளன்னு நிக்கிது. நான் அழணும். ஒரே ஒருதரம் வாய்விட்டு அழணும். இது செவக்காம என்னைய அழ விட மாட்டீக."

நான் எழுந்து உள்ளே வந்துவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

தை பிறந்ததும் அத்தையே வாயைத் திறந்தார். "தலை முழுகிருவோம்" என்று இவரிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நாள் குறித்தார்கள், பரளச்சிக்குச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தின நாள் மத்தியானம் சாப்பிட வந்த இவர், ஆற்றுக்குக் கொண்டுபோகப் பையை முற்றத்துக்குத் தூக்கி வந்தார். கம்பைத் துடைக்கிற காரியத்தில் ஆம்பிளைகள் தலையிடுவதில்லை. அதனால் துரு வந்த கம்பை இவர் அதுவரை கையில் எடுத்துப் பார்த்ததே கிடையாது. ஏழாம் நம்பரை உருவியவர், நகத்தால் சுரண்டினார். வெளிச்சத்தில் திருப்பினார்.

"அம்மா, இது தன்னால வந்த துரு இல்லையே. மேல் நிக்கலு உரிஞ்சிருக்கு. ஆயுத பூசைக்கு ஹேண்டில்பாரைப் புளி போட்டுத் தேச்சுப்புட்டு, துரு வந்துருச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டு வருவானுக. அச்சு அசல் இதே மாதிரிதான் இருக்கும். யாரோ புளி போட்டிருக்காக."

சுவரைப் பார்த்திருந்த அத்தை திரும்பினார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். 

"நீ போட்டியா? போட்டேன்னு சொல்லும்மா. நான் வைய மாட்டேன். தெரியாமத்தான போட்டே? சொல்லு, ஒனக்குக் கோடிப் புண்ணியம். எம் மகன் இருக்கான்னு ஆகிரும்."

அவர் தோளுக்கு மேலே அக்கா தெரிந்தாள். அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை நிறையப் பூ. என்னைக் கெஞ்சவில்லை, கண்ணைக்கூடக் காட்டவில்லை. சும்மா நின்றாள். நான் ஆமாம் என்றால் நாளைக்கு மறுபடி காபி வைப்பார்கள். இவர் கடையிலிருந்து ஆள் வைத்து நிக்கல் பூசிக்கூடக் கொடுத்துவிடுவார். அது இன்னும் இருபது வருசம் பளபளக்கும். இல்லை என்றால், மகன் பிழைத்தான் என்று நிற்கிற ஒரு தாயின் கையைப் பிடித்துக்கொண்டே அவனைக் கொல்ல வேண்டும். 

"புளியா? கம்புக்கு யாராவது புளி போடுவாகளா அத்தே? நல்ல தண்ணியும் சோப்பும்தான். வேற எதுவும் படல."

"அப்பறம் எப்படி உரியும்?" என்றார் இவர்.

"காலமாச்சு, உரியுது. ஒங்க கடைல இருக்கிறதெல்லாம் உரியலையா?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

இவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கம்பைப் பைக்குள் திரும்பச் செருகிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார். அத்தை என் கையை விட்டார். என்னமோ கனமான சாமானை இறக்கி வைக்கிற மாதிரி மெதுவாக விட்டார்.

பொய்தான் சொன்னேன். இன்றைக்கு யார் நிறுத்திக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மறுநாள் குண்டாற்று மணலில் வைக்கோலால் ஓர் உருவம் செய்து, மச்சானின் சட்டையைப் போர்த்தி, இரண்டு பக்கமும் கம்புகளை வைத்துத் தீ வைத்தார்கள். மரத்தலைகள் பிடித்து எரிந்தன. கைப்பிடி கருகும்போது வெறும் ரப்பர் நாற்றம்தான் வந்தது. இரும்பெல்லாம் சாம்பலில் கறுத்துக் கிடந்தது. மச்சானைப் பற்றி அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, இன்றுவரை ஒரு சேதி கிடையாது.

வீட்டுக்கு வந்து அக்கா அழுதாள். அப்பா, அது என்ன அழுகை! கூட அழ வந்தவர்கள் ஓய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். மார்பில் அடித்துக்கொண்டாள், தரையில் புரண்டாள், மச்சானை வாடா போடா என்றுகூடத் திட்டினாள். யாரும் தடுக்கவில்லை. அழுது அழுது ஒரு கட்டத்தில் சத்தம் தேய்ந்து நின்றது. முகம் வீங்கிப்போயிருந்தாலும் தெளிந்திருந்தது. எனக்கு மனசு ஆறியது. நான் செய்தது சரிதான் என்று அந்த முகத்தைப் பார்த்துத்தான் நினைத்துக்கொண்டேன்.

செம்பில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்தாள். மூன்றாவது மடக்கில் அவளுக்குப் புரை ஏறியது. கண் பிதுங்க இருமினாள். பக்கத்தில் பிரமை பிடித்தது போல் உட்கார்ந்திருந்த அத்தை, பழக்கத்தில், எட்டி அவள் உச்சியில் தட்டினார்.

"மெல்ல, மெல்ல. யாரோ ஒன்னைய நெனைக்காக."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். தட்டிய கை அக்காவின் தலைமேல் அப்படியே நின்றது.  அக்கா என்னைப் பார்த்தாள். அப்புறம் செம்பைத் தரையில் வைத்துவிட்டாள். மிச்சத் தண்ணீரை அவள் குடிக்கவில்லை.